தலையெண்ணி

எங்கள் கல்லூரியின் இரண்டாம் எண் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தலையெண்ணி. அவர் காதில் விழும்படியே அப்படிக் கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "தலையைத்தானே எண்ணுறேன், உள்ள இருக்கறதையா எண்ணுறேன்? அதை எண்ணுனா ஒண்ணு ரெண்டுதான் தேறும்" என்பார். பேருந்தே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார், கடைசி வரிசைக்கு நடந்துபோய் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

எண்ணுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கி வருவார். ஒவ்வோர் இருக்கையின் முதுகையும் உள்ளங்கையால் தொட்டு, உதட்டுக்குள்ளேயே எண்ணை முணுமுணுத்துக்கொண்டு வருவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, திரும்பவும் கடைசி வரிசைக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவார். பையன்களுக்கு இது போதாதா? முப்பதைத் தாண்டும்வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, "அண்ணே, மணி என்ன?" என்பார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போவார். ஒரு பயணத்தில் ஐந்து முறை போனார் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை நானே கேட்டிருக்கிறேன். கல்லூரிக்கு வருவதற்கு முன் சரக்கு லாரி ஓட்டினாராம். "மூட்டையை எண்ணி ஏத்தி எண்ணி எறக்கணும் மேடம். ஒண்ணு கொறைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. இது பிள்ளைங்க. கொறைஞ்சா எதுல பிடிக்கறது?" என்றார். இதைச் சொல்லும்போதும் அவர் கை ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தது.

பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஊழியர் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. இரண்டு அறை. முன்னறையில் மனைவியின் தையல் இயந்திரம், பின்னறையில் அடுப்பும் ஒரு கட்டிலும். ஒரே மகன் வேறு ஊரில் வண்டிப் பட்டறை வைத்திருந்தான். "வீட்டுக்கு யாராவது வந்தா வாசல்ல கெடக்குற செருப்பை எண்ணிட்டுத்தான் உள்ள வருவாரு, டீத்தண்ணி எத்தனை பேருக்குன்னு என்கிட்ட சொல்றதுக்கு" என்று அந்த அம்மா சொல்வார். அவர் வாழ்க்கையில் சொல்லும்படியாகப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். இறுதியாண்டு மாணவர்களை சனி, ஞாயிறு இரண்டு நாள் மலைக்குச் சுற்றுலா அழைத்துப் போவது எங்கள் துறையின் வழக்கம். துறையின் மூத்த பேராசிரியர் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு யாரையாவது துணைக்கு அனுப்பவா என்று கேட்டார்கள். "வேண்டாம் சார், நானே பாத்துக்கறேன்" என்றேன். தலைக்கனம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டு மாணவர்கள், ஒரு பேருந்து, ஓட்டுநர், நான். சனிக்கிழமை ஒரு குறையும் இல்லை. மலை ஏற ஏறக் காது அடைத்தது. தேயிலைச் சரிவுகள் வந்தன, பள்ளத்தாக்கு வந்தது, ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் ஒரு பக்க ஜன்னலிலிருந்து மறுபக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். ஏரியில் படகு விட்டோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் எண்ணினார். நானும் கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். ஒரே வேலையை இரண்டு பேர் செய்தோம். அது எனக்கு உறுத்தியது. என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

ஞாயிறு காலை அருவியில் கிளம்பும்போது நான் பெயர் கூப்பிட்டு முடித்து, "எல்லாரும் வந்தாச்சு, வண்டியை எடுங்க" என்றேன். அவர் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். முப்பத்தேழுதான் தேறியது. ஒருவன் டீக்கடைக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பெயருக்கு வேறு எவனோ குரல் கொடுத்திருக்கிறான். வகுப்பில் மூன்று வருடமாக இவர்கள் செய்துவருவது இதைத்தானே. ஒருவன் தூங்கினால் ஒருவன் "பிரசென்ட் மேடம்" என்பான், ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி குரலை மாற்றிச் சொல்வாள்.

அந்தப் பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "பேப்பரை நம்பாதீங்க மேடம். தலையை நம்புங்க."

எல்லார் முன்னாலும் சொன்னார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எனக்குக் காது மடல்வரை சூடேறியது. அவர் சொன்னது சரி என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"டிரைவர், வண்டி ஓட்டறது உங்க வேலை. பிள்ளைங்களைப் பாத்துக்கறது என் வேலை. இனிமே நீங்க எண்ண வேண்டாம்" என்றேன்.

எல்லாரும் அவரை அண்ணா என்று கூப்பிடுவார்கள். நான் டிரைவர் என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு பழத்தோட்டத்திலும் எண்ணவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்திலும் எண்ணவில்லை.

கடைசி இடம் காட்சிமுனை. மலை விளிம்பில் இரும்புக் கம்பித் தடுப்பு, நாலு கடை, ஒரு தொலைநோக்கி. அங்கிருந்து சாலை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளாகக் கீழே இறங்கும். தோட்ட வேலைக்காரர்கள் அத்தனை வளைவையும் சுற்ற மாட்டார்கள். வளைவுக்கு வளைவு குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும் ஓர் ஒற்றையடிப் பாதை அவர்களுக்கு உண்டு. கல்லும் பாசியுமாக இருக்கும். மாணவர்களிடம் நான் சொன்னது இதுதான்: "நாலு மணிக்கு எல்லாரும் வண்டியில இருக்கணும். சரியா நாலு."

மூன்றரைக்கே கீழிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியது. குளிர் தாங்காமல் பிள்ளைகள் ஒவ்வொருவராக வண்டிக்குள் வந்து அடைந்தார்கள். நான் பெயர் கூப்பிட்டேன். முப்பத்தெட்டுப் பேருக்கும் பதில் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சு. கெளம்பலாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணின்னு சொல்லியிருக்கீங்க மேடம். இன்னும் பத்து நிமிஷம் இருக்கே."

"எல்லாரும் உள்ள இருக்கும்போது நாலு மணி எதுக்கு?" என்றேன்.

அவர் இருக்கையை விட்டு எழவில்லை. வண்டியைக் கிளப்பினார். நான் முன்னிருக்கையில் உட்கார்ந்து, அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உம்மென்று இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. இந்தச் சின்னத்தனத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

வண்டியில் இல்லாதவள் பட்டியலில் இருபத்தேழாம் எண் பெண். ஒல்லியாக இருப்பாள், காதில் எப்போதும் பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் பெயரே பென்சில். போகிற இடமெல்லாம் வரைவாள். காட்சிமுனையில் தடுப்பு முடிகிற இடத்துக்கு அப்பால் ஒரு பாறையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கை வரைந்துகொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்த அவள் தோழி குரல் கொடுத்தாள். ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. பென்சில் முன்னால் ஜன்னலோரம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருப்பாள், கேட்டிருக்காது என்று நினைத்திருக்கிறாள். "வாயில தானா வந்துருச்சு மேடம்" என்று பிறகு என்னிடம் அழுதாள்.

ஏழாவது வளைவில் அவர் வண்டியை ஓரங்கட்டினார். எழுந்து நின்று என்னைப் பார்க்காமலேயே, "மேடம், ஒரே ஒரு தடவை எண்ணிடறேன்" என்றார். பின்னால் போனார். பாட்டு நின்றது. அவர் முன்னோக்கி வரும்போது ஒருவரும் மணி கேட்கவில்லை. ஆறாவது வரிசை ஜன்னல் இருக்கையில் கை வைத்தபடி அங்கேயே நின்றுவிட்டார். இருக்கையில் அவளுடைய பையும் சால்வையும் இருந்தன.

அந்தச் சாலையில் அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப முடியாது. திருப்ப இடம் வேண்டுமானால் இன்னும் நாலு வளைவு இறங்க வேண்டும். போனில் சிக்னல் இல்லை. அவர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார், டார்ச்சும் குடையும் எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறத் தொடங்கினார். நாற்பத்தொன்பது வயது, கொஞ்சம் தொப்பை, வழுக்கும் கல். நான் பின்னால் ஓடினேன். அவர் அவளைக் கூப்பிடக் கூப்பிட, பெயருக்கு நடுவே "அம்மாடி, அம்மாடி" என்று சொன்னது பனிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வளைவுக்கு மேலே, பாதையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தாள். வண்டி இறங்குவதை மேலிருந்து பார்த்திருக்கிறாள். வளைவு சுற்றி வருவதற்குள் குறுக்கே இறங்கி மறித்துவிடலாம் என்று ஓடியிருக்கிறாள். இடது கால் இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "சாரி மேடம்" என்றாள். அவர் குடையை முட்டாக வைத்துத் தன் துண்டால் அந்தக் காலைக் கட்டினார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு இறங்கினார். வந்துகொண்டிருந்த ஒரு காய்கறி வண்டியை மறித்து, சாக்குகளைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். நான் அவளோடு மருத்துவமனைக்குப் போனேன். அவர் மற்ற முப்பத்தேழு பேரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

மருத்துவமனை நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒரு காரியம் செய்தேன். சுற்றுலாப் பதிவேடு என் பையில் இருந்தது. எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று எழுத வேண்டும். உள்ளே அந்தப் பெண் வலியில் முனகுவது கேட்டது. காட்சிமுனை, கிளம்பிய நேரம் என்ற இடத்தில் 4.05 என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்திருந்தது.

பத்து நாள் கழித்து முதல்வர் அறையில் விசாரணை. அதற்கு முன்தினம் அந்தத் தோழி என் அறைக்கு வந்து, தான் குரல் கொடுத்ததைச் சொன்னாள். "கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீயா போய் எதையும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். மாணவர்கள் ஒருவரையும் விசாரிக்கவில்லை, அவளையும் கேட்கவில்லை.

ஓட்டுநரிடம் முதல்வர் கேட்டார்: "வழக்கமா எண்ணுவீங்களாமே. அன்னிக்குக் காட்சிமுனையில கெளம்பும்போது எண்ணுனீங்களா?"

"எண்ணலைங்க."

"ஏன்?"

அவர் என் பக்கம் பார்த்தார். இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நான் மேசைமீது இருந்த கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதாங்க" என்றார்.

அவ்வளவுதான். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை, பதிவேட்டில்தான் இருக்கிறதே. மாணவி குறித்த நேரத்துக்குத் திரும்பவில்லை, ஓட்டுநர் வழக்கமான எண்ணிக்கையைச் செய்யவில்லை என்று அறிக்கை வந்தது. அவரை வண்டியிலிருந்து இறக்கிக் கொட்டகையில் போட்டார்கள். இரண்டு வருடம் மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளைக் கழுவினார், டயருக்குக் காற்றுப் பார்த்தார். பிறகு ஊருக்குள் ஓடும் வண்டியைக் கொடுத்தார்கள். மலைக்கு மட்டும் அவரை மறுபடி அனுப்பவே இல்லை. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? காயம்பட்ட மாணவியைத் தக்க நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்ததற்காக அதே அறிக்கையில் ஒரு பாராட்டு வரி.

பென்சிலுக்கு மூன்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. அந்த வருடத் தேர்வை எழுதவில்லை, பிறகு கல்லூரிக்கே வரவில்லை. மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். தான் நேரத்துக்கு வந்திருந்தால் எனக்கும் டிரைவர் அண்ணாவுக்கும் இத்தனை கஷ்டம் வந்திருக்காது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் துணியவில்லை.

பதினொரு வருடம் இப்படியே போயிற்று. கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றிப் போகும் வழி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. எதிரே பட்டால் அவர்தான் முதலில் கும்பிடுவார். அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் எனக்கு அறை விழுந்த மாதிரி இருக்கும். என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மகான் என்று அவரை மனசுக்குள் வைத்திருந்தேன். மகானாக்கிவிட்டால் அவரிடம் போய்ப் பேச வேண்டியதில்லை, தூரத்தில் இருந்தே மரியாதை செய்துவிடலாம்.

அவர் ஓய்வு பெற்றபோது கொட்டகையில் ஒரு சின்னக் கூட்டம் போட்டார்கள். அதற்கும் போகாமல் தப்பித்தேன். ஆனால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் போய்விடுவார், போனால் போனதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

முன்னறையில் பாதிச் சாமான்கள் பெட்டியில் ஏறியிருந்தன. தையல் இயந்திரத்துக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, டீ போட உள்ளே போனார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணே, அன்னிக்கு எண்ண வேண்டாம்னு சொன்னது நான். விசாரணையில நீங்க அதைச் சொல்லலை. நானும் வாயைத் திறக்கலை. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் சாக்கைக் கீழே வைத்தார்.

"மேடம், நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "நீங்கதான் என்னைக் காட்டிக் குடுக்காம இருந்தீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வண்டி கெளம்பும்போதே பாத்துட்டேன். கண்ணாடியில ஆறாவது வரிசை ஜன்னலோரம் தலை இல்லை. பை மட்டும் இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷத்துல காலி சீட்டு என் கண்ணுக்குத் தப்புனதே கெடையாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. என்னை எண்ணக் கூடாதுன்னாங்கல்ல, அவங்களே பாத்துக்கட்டும்னு ஒரு ரோஷம். ரெண்டு வளைவு போகட்டும், அவங்களா பதறிப்போய் கேக்கட்டும், அப்ப சொல்லுவோம்னு ஓட்டிக்கிட்டே போனேன். ஏழு வளைவு போயிட்டேன். அந்த நேரத்துலதான் புள்ள குறுக்க ஓடி வந்திருக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "அப்ப நீங்களும் கண்ணாடியில பாத்தீங்க. நம்ம ரெண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் பட்டுச்சு. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். விசாரணையில நீங்க சொல்லிடுவீங்கன்னு நடுங்கிக்கிட்டுத்தான் உங்களைப் பாத்தேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க. பெரிய மனசுன்னு நெனச்சேன் மேடம். பதினோரு வருஷமா கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

மனைவி டீயோடு கதவருகில் நின்றுவிட்டார். அவருக்கும் இது புதுசு என்று முகமே சொன்னது.

அந்தப் பெரிய மனசை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாமே என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் அவ்வளவு சொன்ன பிறகு அது முடியவில்லை.

"நான் சீட்டைப் பாக்கலை அண்ணே. உங்க மொகம் வாடியிருக்கான்னு பாத்தேன். விசாரணையில பயந்துதான் குனிஞ்சேன். வண்டி நாலு மணிக்கு முன்னாடியே கெளம்புச்சு, நான் நாலு அஞ்சுன்னு எழுதினேன்."

இரண்டு பேரும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறியது. கடைசியில் அவர்தான் கேட்டார்: "நாலு அஞ்சுன்னா எழுதுனீங்க? அப்ப அந்தப் புள்ள என்ன நெனச்சுக்கிட்டு இருக்கு?"

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

பென்சில் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நான் ஒருநாளும் தேடவில்லை, அவ்வளவுதான். அவள் தோழி மூலம் தெரிந்தது. பக்கத்து ஊரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. திங்கட்கிழமை இருவரும் போனோம். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. நாங்கள் போனபோது ஒன்பதுகூட ஆகவில்லை. பாதி ஏற்றிய ஷட்டருக்குள் அவள் மட்டும் இருந்தாள். கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். ஒரு கால் செருப்பின் அடிப்பாகம் மட்டும் கனமாக இருந்தது.

"மேடம், டிரைவர் அண்ணா, உள்ள வாங்க" என்றாள். "கடைச் சாவி என்கிட்டதான். எல்லாருக்கும் முன்னாடி நான்தானே வர்றேன், நீயே வச்சுக்கோன்னு மொதலாளி குடுத்துட்டாரு."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே தன் பங்கைச் சொன்னார், எதையும் மழுப்பவில்லை. பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். எண்ண வேண்டாம் என்றது, தோழி குரல் கொடுத்தது, அவள் வாயை நான் அடைத்தது, பதிவேடு. அவள் கையிலிருந்த துணியை மடித்து மடித்து ஒரு விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தாள்.

"வண்டி எத்தனை மணிக்குக் கெளம்புச்சு மேடம்?"

"மூணு அம்பது."

"நான் வந்தப்போ என் வாட்ச்சுல மூணு அம்பத்தஞ்சு" என்றாள். "ஆஸ்பத்திரியில அதைத்தான் சொன்னேன். யாரும் நம்பலை. நோட்டுல நாலு அஞ்சுன்னு இருக்கே, உன் வாட்ச் ஸ்லோவா ஓடியிருக்கும்னாங்க. அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. நேரத்தோட போயிருந்தா இந்தக் கதி வந்திருக்குமான்னு இன்னி வரைக்கும் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன்."

அவள் எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றிருந்தார், அவள் அதைப் பார்க்கவே இல்லை. மேசைமீது இருந்த ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதிக் குடுங்க மேடம். நேரம் போட்டு எழுதுங்க."

எழுதினேன். இந்த முறை எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. கையெழுத்துப் போட்டேன். அவரும் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து, தானும் கண்ணாடியில் பார்த்ததை இரண்டு வரியில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அவள் அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மா," என்றாள், "நான் லேட்டா வரலைம்மா."